சுவர்ப் பக்கம்

நீதிமன்றத்து லிஃப்டில் ‘பழுது’ என்று ஓர் அட்டை தொங்கியது. லிஃப்ட் மெக்கானிக்கைச் சாட்சிக்கு அழைத்து வருகிற நாளில்தானா இது மக்கர் பண்ண வேண்டும்? எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

மூன்று மாடி. நடுவில் கிணறு மாதிரி வெற்றிடம், அதைச் சுற்றி வளைந்து ஏறும் படிக்கட்டு. அவன் சுவரை உரசிக்கொண்டே ஏறினான். முகத்தில் ஈயாடவில்லை. அவனுடைய அக்கா கைப்பிடிப் பக்கமாக வந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாதேப்பா. உன்னை இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாது” என்று முதுகில் தட்டினேன்.

சும்மா சொல்லவில்லை. அவனுடைய வக்கீலாக அதற்கான உத்தரவை வாங்க நாயாய் அலைந்தவன் நான்.

புதுக் கட்டடம் ஒன்றில் லிஃப்டின் கதவு சரியாக மூடவில்லை. கதவு மூடாமல் லிஃப்ட் நகரவே நகராது. அப்படித்தான் அதைச் செய்கிறார்கள். மறுநாள் திறப்பு, எப்படியாவது ஓட வை என்றார் முதலாளி. மொட்டைமாடிக்கு மேலே உள்ள மோட்டார் அறையில் ஒரு துண்டு வயரைச் செருகியதில், கதவு மூடிவிட்டதாக லிஃப்ட் நம்பிவிட்டது. திறந்த கதவோடு அது மேலே போய்விட, பின்னால் வந்த பெயிண்டர் பள்ளத்தில் விழுந்து செத்துப்போனார்.

அந்த லிஃப்டில் வேலை பார்த்தது இந்த அக்காவும் தம்பியும்தான். மெக்கானிக் அவன், கூடமாட ஒத்தாசைக்கு அவள்.

முதல் தடவை என் அலுவலகத்துக்கு வந்தபோது அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

“நீ சும்மா இரு அக்கா” என்று அடக்கிவிட்டு என்னிடம் கேட்டான்: “நான் பேசாம இருக்கறதுக்கு வழி இருக்கா சார்? அதை மட்டும் சொல்லுங்க.”

இருக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் சட்டம் கட்டாயப்படுத்தாது. போலீஸ் விசாரணை முழுக்க வாயே திறக்கவில்லை பயல். வாயைத் திறக்காதவன்தான் செய்திருப்பான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். முதலாளியோ எனக்கு எதுவுமே தெரியாது என்று கையை விரித்துவிட்டார்.

அரசுக்கு வேண்டியது முதலாளி. அதனால் இறங்கி வந்தார்கள். நீ சொல்வதை வைத்து உன்மேல் வழக்கு வராது, ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். அந்த உத்தரவு வந்த நிமிஷத்தோடு பேசாமல் இருக்கும் உரிமை போய்விட்டது.

“எல்லாத்துக்கும் மன்னிப்பு உண்டு. பொய் சொன்னா மட்டும் கிடையாது, நேரா ஜெயில்தான்” என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மண்டையை மண்டையை ஆட்டினான்.

பெயரைக் கூப்பிட்டதும் அக்கா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். “உள்ளதைச் சொல்லிடுடா. என்னைப் பத்தி யோசிக்காதே.”

குடும்ப மானத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கூண்டில் ஏறி, அன்றைக்கு முதலாளி சொன்னதையெல்லாம் தடுமாறாமல் சொன்னான். முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. நான் உள்ளுக்குள் சபாஷ் போட்டுக்கொண்டிருந்தேன்.

“மோட்டார் ரூம்ல அந்த வயரைப் போட்டது யாரு?” என்றார் அரசு வக்கீல்.

அவன் கடைசி பெஞ்சைப் பார்த்தான். அங்கே அக்கா பாதி எழுந்துவிட்டாள். அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அவள் அப்படியே உட்கார்ந்தாள்.

“நான்தாங்க ஐயா. மொட்டைமாடி ஏணியில நானே ஏறிப் போய்ப் போட்டேன்.”



அந்த ஏணியை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். வெளிச்சுவரில் ஒட்டிய ஒற்றை இரும்பு ஏணி, கீழே குனிந்தால் தெருவில் ஆட்கள் எறும்பாய்த் தெரிவார்கள். கைப்பிடி வைத்த படிக்கட்டில் ஏறவே நடுங்குகிறவனா அதில் ஏறினான்? என் அலுவலகத்தில்கூட ஜன்னலோர நாற்காலியை விட்டுக் கதவோரம் போய் ஒண்டிக்கொண்டவன். வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வீர்கள் என்று அன்றைக்கே கேட்டேன். “மேலே அக்கா சார், கீழே பள்ளத்துல நான்” என்றான். அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் ஏதோ காகிதத்தைப் புரட்டினேன்.

அவன்தான் மெக்கானிக் என்று யார் சொன்னார்கள்? போலீஸ் சொன்னது. ஆம்பிளை இருக்கும்போது பொம்பளையா வயரில் கைவைத்திருப்பாள் என்ற நினைப்பு. சட்டம் படித்த எனக்கும் அதே நினைப்புதான், வெட்கக்கேடு.

எதுவுமே செய்யாதவனுக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மன்னிப்பு வேண்டியவள் கடைசி பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அக்காவுக்காக வாயை மூடிக்கொள்ள இவனுக்குச் சட்டத்தில் இடமில்லை. அதனால் தனக்குக் கிடைத்ததைத் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டான். மன்னிப்பே கிடையாது என்று நான் சொன்ன அந்த ஒன்றையும் செய்துவிட்டான்.

வெளியே வந்தோம். லிஃப்டில் அட்டை அப்படியே தொங்கியது.

ஏறுவதைவிட இறங்குவது மோசம் போலிருக்கிறது. முதல் படியிலேயே கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் சுவரைப் பிடித்து நின்றுவிட்டான். அக்கா ஒரு படி கீழே நின்று “வாடா, என் கையைப் பிடிச்சுக்கோ” என்று கெஞ்சினாள்.

பின்னால் செருப்புச் சத்தம். அரசு வக்கீல். அந்த ஏணியை அவரும் பார்த்தவர்தான்.

“என்ன சார், உங்க ஆளுக்கு என்ன ஆச்சு?”

“காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கலை சார். மயக்கம்” என்றேன்.

சொல்லிவிட்டு, அவன் தோளில் கைபோட்டபடி கைப்பிடிப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.