பிரேக் மாட்டாத வயசு

"கண்ணு, அப்பா வந்திருக்கேன்டா" என்றார் பஸ் டிரைவர், மூடிய அறைக்கதவைப் பார்த்து. உள்ளேயிருந்து விசும்பல்தான் வந்தது. பின்னாலேயே தலையணை சுவரில் மோதும் சத்தம்.

போன வாரம் போனைப் பிடுங்கிக்கொண்டு கத்தியதிலிருந்து மகள் அவரோடு பேசுவதில்லை. ஒரே பெண், பதினைந்து வயது. அவளை மறுபடி 'அப்பா' என்று கூப்பிட வைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அதற்காகவே இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

நேற்று பள்ளிக்கூடத்தில் பெற்றோரை உட்காரவைத்து டீச்சர் பாடமே எடுத்தார். இந்த வயதில் ஆத்திரம் முழு வேகத்தில் ஓடுமாம். நின்று நிதானிக்கிற மூளைதான் கடைசியில் வளருமாம். "வண்டிக்கு பிரேக் இன்னும் மாட்டலை, அவ்ளோதான். அதுவரைக்கும் நீங்கதான் பிரேக்" என்றதும் டிரைவருக்குக் கற்பூரமாய்ப் பற்றிக்கொண்டது.

கதவோரம் புத்தம்புதுச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. யாரைக் கேட்டு வாங்கினாள்? சுர்ரென்று தலைக்கு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு பத்துவரை எண்ணினார். போதவில்லை. இருபதிலிருந்து திரும்பவும் எண்ணிக்கொண்டு வந்தார்.

"செருப்பு அழகா இருக்குடா."

டொம்! இன்னொரு தலையணை.

"அடி, நல்லா அடி. சுவரு வீட்டுக்காரரோடதுதானே!"

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு நான் கத்தினது தப்புடா. டிப்போவுல மேலதிகாரி என்னைத் திட்டினான். அவனைத் திருப்பித் திட்டத் துப்பில்லாம உன்னைத் திட்டிட்டேன்."

விசும்பல் சட்டென்று நின்றது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

"உன் போனை வெச்சுக்கோ. என் போனையும் வெச்சுக்கோ. கணக்குல முட்டை வாங்கினாலும் பரவாயில்லை, கொண்டா, ஆம்லெட் போட்டுச் சாப்பிடுவோம். நாளைக்கு என் பஸ்ல முன் சீட்டு உனக்குத்தான். ஹாரன்கூட நீயே அடி!"

உள்ளே ஓவென்று அழுகை வெடித்தது. டிரைவருக்கும் தாங்கவில்லை. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அவரும் தேம்பினார்.

"அப்பா, யாருகிட்டப் பேசிக்கிட்டிருக்கே?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கையில் தண்ணீர் பாட்டிலோடு மாடிப்படியில் மகள் நின்றிருந்தாள்.

டிரைவர் கதவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"உள்ளே இருக்கிறது என் ஃபிரெண்டுப்பா. அவங்க வீட்ல அழுதா அடி விழும். அதான் இங்க வந்து அழுதுட்டுப் போறா. ஆளுக்கு அரை மணி நேரம்னு பிரிச்சுக் குடுத்திருக்கேன், அடுத்தவ கீழே காத்துக்கிட்டிருக்கா. எந்திரிப்பா, இவ நேரத்தை நீ பேசியே தீர்க்கிறே."

கதவு லேசாகத் திறந்தது. சிவந்த கண் ஒன்று எட்டிப் பார்த்தது.

"கெடுக்காதடி, எங்கப்பா பேசறதா நெனச்சுக் கேட்டுக்கிட்டிருக்கேன்."