மிச்சமிருந்த ஒரு சட்டை

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் மான் வேட்டை தொடங்கிவிட்டால், மலையேறுகிறவர்களை வேட்டைக்காரர்கள் மானென்று நினைத்துச் சுட்டுவிடாதிருக்க மலைப்பாதை முகப்பில் ஆரஞ்சு மேல்சட்டைகள் தொங்கும். ஏறுகிறவர்கள் போட்டுக்கொண்டு போய், இறங்கியதும் மாட்டிவிட வேண்டும்.

போன நவம்பரில் நானும் நண்பன் வெண்டலும் போனபோது ஒன்றுதான் மிச்சமிருந்தது. நான் எடுத்துக்கொண்டேன்.

"போட்டுக்கடா, நான் என்ன மானா?" என்று சிரித்தான் வெண்டல். பழுப்புக் கோட்டோடு என் பின்னால் வந்தவன், குண்டு பட்டுச் செத்தான்.

போலீஸ் விசாரித்தபோது, "நிறைய இருந்துச்சு சார், குடுத்தேன், அவன்தான் வேண்டாம்னான்" என்றேன்.

இன்று தனியாக ஏறினேன். பாதி வழியில் ஒரு வேட்டைக்காரர் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"ஏங்க, பழுப்புக் கோட்டுல பின்னாடி வர்றாரே, அவருக்கும் ஒரு சட்டை எடுத்துக் குடுத்திருக்கக் கூடாதா?"

எந்த முகத்தோடு திரும்பிப் பார்ப்பது?

"குடுத்தேன் சார், அவன்தான் வேண்டாம்னான்" என்றேன்.