பெட்டி நிரம்பிவிட்டது

இருநூற்று முப்பத்தொரு கடிதம் போனது. ஒன்று போகவில்லை.

வாழ்த்தை முன்கூட்டியே எழுதி, போக வேண்டிய தேதியைப் போட்டுவிட்டால் போதும். அந்த நாளில் எங்கள் வெப்சைட் அதை ஈமெயிலாக அனுப்பிவிடும். வாங்குகிறவருக்கு, எழுதியவரே அன்று உட்கார்ந்து அனுப்பியது போலத் தெரியும். எல்லாம் தானாக நடக்கும் என்று விளம்பரம். தானாகவாவது மண்ணாவது. பாண்டி பஜார் மாடி ஆபீஸில் தினமும் காலை ஒன்பதரைக்குப் பொத்தானை அழுத்துவது நான்தான்.

இன்னும் மூன்று வாரம்தான் இந்த வேலை. பொங்கலுக்கு இவர் அமெரிக்காவிலிருந்து வந்து என்னை அழைத்துப் போகிறார். நேற்று முதலாளி ஷரஃபுதீன் சாரிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். நன்றாக யோசித்தாயா என்று கேட்டார். யோசிக்க என்ன இருக்கிறது என்று சிரித்தேன்.

இவர் போய் ஆறு மாதம். நான் ஆபீஸில் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தினமும் கடிதம் வந்துவிடும். எனக்கு ஜுரம் என்று எழுதினால், மறுநாள் 'சிரிச்சுண்டே இரு ஜானு' என்று வரும். என்னைத் தேற்றுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். நான் லீவு போட்ட நாளில் வராது. அடுத்த நாள் இரண்டாக வரும். நான் சீட்டில் இல்லாதது அங்கே அவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

போகாத கடிதத்துக்குக் காரணம் போட்டிருந்தது. பெறுபவரின் பெட்டி நிரம்பிவிட்டது.

பழைய கடிதத்தை அழிக்கக்கூடத் தெரியாத அந்த ஜென்மம் யாரென்று முகவரியைப் பார்த்தேன்.

என் முகவரி.

இவர் எழுதிய ஒன்றையும் நான் அழித்ததில்லை.

யார் கடிதத்தையும் பிரிக்கக் கூடாது என்பது சார் போட்ட சட்டம். அதை நான் மீற மாட்டேன் என்று இவருக்கும் தெரியும். ஆனால் இது எனக்கு வந்த கடிதம். பிரித்தேன்.

'இன்னிக்கு ஆபீஸ்லேர்ந்து வர வழியெல்லாம் உன் ஞாபகம்தான்.'

எழுதிய தேதி ஜூன் ஆறு. ஏழாம் தேதிதான் இவர் விமானம் ஏறினார்.

என் பெயருக்குக் காத்திருந்த மற்றவற்றையும் பிரித்தேன். இரண்டு இரண்டு வரி. எல்லாமே ஜூன் ஆறு. கடைசிக் கடிதம் ஜனவரி பத்தாம் தேதிக்கு.

'கோச்சுக்காதே ஜானு. லீவு இல்லேன்னு மேனேஜர் இப்பதான் சொன்னான். பொங்கலுக்கு வர முடியாது. கொஞ்ச நாள் உங்க அம்மா ஆத்துலயே இரு.'

அதற்கு அப்புறம் ஒன்றுமே இல்லை.

வந்ததே ஒரு கோபம். படுபாவி, என் கையாலேயே அல்லவா தினமும் என்னை ஏமாற்றியிருக்கிறார்.

பெட்டியில் சேர்த்து வைத்திருந்த அத்தனை கடிதங்களையும் அழித்தேன். ஜனவரி பத்து வரைக்கும் காத்திருப்பானேன்? அந்தக் கடைசிக் கடிதத்தின் தேதியை இன்றைக்கு மாற்றிப் பொத்தானை அழுத்தினேன். உடனே வந்து சேர்ந்தது. அச்செடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.

சார் படித்துவிட்டு, எப்போது எழுதியது என்று கேட்டார்.

"ஜூன் ஆறு சார். ஞாயித்துக்கிழமை. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் பொறந்தநாள் வாழ்த்து எழுதி வெச்சுடறேன்னார். நான்தான் உங்ககிட்ட சாவி வாங்கிண்டு வந்து, என் சீட்டுல உட்கார வெச்சு, சொல்லிக் கொடுத்தேன்."

சார் மேஜை இழுப்பறையைத் திறந்து என் ராஜினாமாக் கடிதத்தை எடுத்து என்னிடமே நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் முதுகு வலிக்க டைப் அடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், கீழே இறங்கிப் போய் இரண்டு தடவை காபி வாங்கி வந்து கொடுத்ததை மட்டும் சாரிடம் சொல்லவில்லை.