இரண்டு ஓட்டை பிளாப்பி

மிரட்டல் கடிதம் எழுதியவனே நேரில் போய் அதைப் படிக்கவும் வைக்க வேண்டிய கொடுமை வேறு யாருக்கும் வந்திருக்காது. இரண்டாவது மாப்பிள்ளைக்கு வந்தது.

கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, தன் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து அடித்து, பிளாப்பி டிஸ்க்கில் பதிந்து, மாமனாருக்குத் தபாலில் அனுப்பியிருந்தான்.

‘மலர்க் கண்காட்சியில் நீ பரிசு வாங்கிய ரோஜா, கடையில் வாங்கியது. ரசீது என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பூங்கா பெஞ்சுக்கு அடியில் பணப்பை இருக்க வேண்டும்.’

மாமனாரை ‘நீ’ என்று எழுதியதிலேயே பாதி சந்தோஷம் கிடைத்துவிட்டது. அவருடைய அரதப்பழசு கம்ப்யூட்டர் புது ரகப் பிளாப்பியைப் படிக்காது என்பதுதான் மறந்துபோனது.

வெள்ளிக்கிழமை காலை மாமனார் போன் செய்தார்.

“மாப்ளே, யாரோ ஒரு பிளாப்பி அனுப்பியிருக்காங்க. உள்ள போட்டா கர்புர்ருங்குது. குப்பையில போட்டுடப்போறேன்.”

“ஐயோ மாமா, போட்டுடாதீங்க! இதோ வந்துட்டேன்!”

கீபோர்டைச் சரிசெய்து தரும்படி அவர் ஆறு மாதமாகக் கெஞ்சியும் எட்டிப்பார்க்காதவன், கடையைப் பூட்டிவிட்டு, அந்தப் பிளாப்பியைப் படிக்கும் புது டிரைவோடு ஓடினான்.

வேலை லேசில் முடியவில்லை. புது டிரைவின் வேகம் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு எட்டாது. பாதி வேகத்தில் சுற்றவைத்தால்தான் அதற்குப் புரியும். வயர்களை மாற்றிப் பற்றவைத்ததில் விரலையும் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டான். மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்து கழுத்தறுத்தார்.

“என் பிளாப்பியில மூலையில ஒரு ஓட்டைதான் மாப்ளே. இதுல ரெண்டு இருக்கே. விஷயமெல்லாம் ஒழுகிப்போயிருக்குமோ?”

“ஒழுகாது மாமா.”

இந்த மனுஷனிடமா இவ்வளவு பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

நாலரை மணிக்குத் திரையில் எழுத்து தெரிந்தது. மாப்பிள்ளை நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். பூங்காவுக்குப் போக இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

மாமனார் நிதானமாகப் படித்தார். வியர்க்கவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏதாவது கெட்ட சேதியா மாமா?” குரலில் தேன் வழிந்தது.

“பழைய சேதிதான். நேத்தே எதிர்வீட்டுக் கம்ப்யூட்டர்ல படிச்சுட்டேன். அப்புறம்தான் குப்பையில போடப்போறேன்னு மூணு மாப்பிள்ளைங்களுக்கும் போன் பண்ணேன்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

“மத்த ரெண்டு பேரும், ‘போட்டுடுங்க மாமா’ன்னுட்டாங்க.”