மாத்திரை போடலையா?

மதிய வெயில் சாப்பாட்டு மேசையில் பாதிவரை ஏறியிருக்கிறது. விருந்துக்கு வந்த நாத்தனார் அவளைக் கேட்காமலேயே அலமாரியைத் திறந்து பாத்திரங்களை இடம் மாற்றுகிறாள். “அண்ணி, அதெல்லாம் அப்படியே இருக்கட்டும்” என்கிறாள் அவள், சற்றே கடுப்பாக. உடனே கணவன் சிரிக்கிறான். “என்ன, இன்னைக்கு மாத்திரை போடலையா?” நான்கு வருடங்களாக அவள் வாயை அடைத்த கேள்வி அது. மனச்சோர்வுக்கான அந்த மாத்திரையை டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதனால் தலைக்குள் மின்சாரம் சுண்டியிழுத்த நாட்களை ஒருவரிடமும் சொல்லாமல் கடந்தவள், இதே கேள்வி நாலு பேர் முன்னால் வரட்டும் என்றுதான் காத்திருந்தாள். கரண்டியை ஓசையில்லாமல் வைக்கிறாள். “நிறுத்தி மூணு மாசமாச்சு. டாக்டரே போதும்னுட்டார். இப்ப கோவப்படுறது நான்தான்.” நாத்தனாரின் கையில் தட்டு அப்படியே நிற்கிறது. கணவனின் சிரிப்பு பாதியில் செத்துப்போகிறது; தம்ளரை எடுக்கிறான், அது காலி. தண்ணீர் ஜக் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவன் முகத்தையே ஆசைதீரப் பார்த்தபடி அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.