முதுகெலும்பின் விருந்தாளிகள்

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஓர் உடம்பில், முதுகெலும்புக்குத் தன் உறுதியைப் பற்றி அபாரப் பெருமை. ஒருநாள் ரத்தம் தண்ணீரோடு வந்த புளோரைடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தது.

“பாதிப் பேரைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிடுச்சு அண்ணே. மீதியை நீங்கதான் வச்சுக்கணும்.”

“இவ்வளவு பெரிய வீட்டுல இடமா இல்லை?” என்றது எலும்பு.

வந்தவர்கள் சுவரின் பழைய கற்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் தாங்களே கற்களாக உட்கார்ந்தார்கள். சுவர் தடித்தது. எலும்பு பூரித்துப்போனது. ரத்தமோ தினமும் ஆட்களை இறக்கிவிட்டு, கைகழுவினாற்போல் நடந்தது.

ஆண்டுகள் பல போயின. ஒரு காலையில் அந்த உடம்புக்காரர் அடிபம்பில் தண்ணீர் குடிக்கக் குனிந்தார். எலும்பு வளையவில்லை.

“போதும், கிளம்புங்கப்பா! என்னால குனிய முடியலை” என்று அது கெஞ்சியது.

“யாரைக் கிளம்பச் சொல்றீங்க? சுவரே நாங்கதானே!” என்றார்கள் அவர்கள்.

விறைத்து நின்றவரைப் பார்த்து இரக்கப்பட்ட பக்கத்து வீட்டு மாராயி, அதே பம்பில் ஒரு செம்பு பிடித்து நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

சற்று நேரத்தில் ரத்தம் வந்து நின்றது.

“அண்ணே, இன்னைக்குக் கொஞ்சம் பேர்தான்.”