ஊதிக் காட்டு

இருட்டு வராந்தாவில் யாருடைய காலிலோ தடுக்கி விழுந்தேன். எழும்புவதற்குள் அம்மா என் தாடையைப் பிடித்துவிட்டாள்.

“காலங்காத்தாலயே குடிச்சிட்டியா? ஊதுடா!”

கண் கிளினிக்குக்கு வந்த சனமெல்லாம் பார்க்க ஊதினேன். வெறும் பிளேன்டீ குடித்த வாய்.

சே, என்ன பிழைப்பு இது! பொழுது சாய்ந்து தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது வழியோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தால் ஊது. வாசற்படியில் முட்டினால் ஊது. கண் தெரியவில்லை என்று தொண்டை கிழியக் கத்தியும் பார்த்தாயிற்று.

“கஸ்பர் மாமன் புத்தி அப்படியே வந்துருக்கு” என்பாள்.

கஸ்பர் மாமா அவளுடைய ஒரே தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே, குடித்துவிட்டுப் பள்ளத்தில் விழுந்து செத்தவர். முகமே தெரியாத மனுசன் செய்த தப்புக்கு நான் ஏன் ஊத வேண்டும்?

உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் ஆரூரன் யாழ்ப்பாணத்துக்காரர். இந்தியாவுக்கு அனுப்பிய என் இரத்தத்தின் பரிசோதனை முடிவு வந்திருந்தது.

“உயிரணுவுக்குள்ள புரதங்களைக் கூட்டிக்கொண்டு போய் உரிய இடத்தில விடுறதுக்கு ஒரு மரபணு இருக்கு, அம்மா. தம்பிக்கு அது பழுது. அதாலதான் மங்கல் வெளிச்சத்துக்க கண் தெரியேல்ல. போகப் போகப் பகல்லயும் பார்வை குறையும்.”

மருந்து இல்லையாம். யாரையாவது பிடித்து அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் அதைவிட முந்திக்கொண்டு வந்தது வேறொன்று.

“இப்பவாச்சும் நம்புறியாம்மா? நான் குடிக்கல.”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“இது தாய் வழியா ஆம்பிளைப் பிள்ளையளுக்கு வாறது” என்றார் டொக்டர். “உங்கட சகோதரங்கள் ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?”

அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு எடுத்தாள்.

“ஊதிக் காட்டுறேன் அக்கா, ஊதிக் காட்டுறேன்னு வாசல்ல நின்னு கெஞ்சுனான் ஐயா. கிட்ட வராதன்னு கதவச் சாத்திட்டேன். இருட்டுல திரும்பிப் போறப்பதான் பள்ளத்துல விழுந்தான்.”

என் கையை இறுகப் பிடித்தாள்.

“நான் மோந்தே பாக்கல ஐயா.”